விரிசல் விழுந்த வண்டியில் படகை ஏற்றலாமா?

சில ஆண்டுகளுக்கு முன், ஆண்டு நடுவில் வந்த பள்ளி விடுமுறையில் கிள்ளானில் இருக்கும் என் மாமா வீட்டில் நாங்கள் எல்லாரும் கூடியிருந்தோம். மறுநாள் விடியற்காலையில் திரங்கானுவில் உள்ள கென்யிர் ஏரிக்கு மீன் பிடிக்கப் போவதாகத் திட்டம். மாமாவிடம் கண்ணாடியிழைப் படகு ஒன்று உண்டு. அதை ஏற்றிக் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் இரண்டு சக்கர டிரெய்லரும் உண்டு. இரண்டையும் அவர் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கியிருந்தார்.

அன்று மாலை, படிவம் நான்கில் படித்துக்கொண்டிருந்த என் அக்காள் மகன் அந்த டிரெய்லரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினான். கழுவிக்கொண்டிருந்தவன் திடீரென்று குனிந்து பார்த்தான். சக்கரத்தின் ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் இரும்புப் பிடிக்குப் பக்கத்தில், பற்றவைத்த இடத்தை ஒட்டி, தலைமுடி அளவில் ஒரு கோடு ஓடியது. அந்தக் கோட்டிலிருந்து செம்பழுப்பு நிறத்தில் துருநீர் வழிந்தது.

“தாத்தா, இங்கே வெடிச்ச மாதிரி ஒரு கோடு தெரியுது” என்றான்.

“அது ரொம்ப நாளா இருக்குய்யா. அதோடதான் போர்ட்டிக்சனுக்கு மூணு தடவை போயிட்டு வந்தோம். இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே!” என்றார் மாமா.

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை. ‘இதுவரை ஒன்றும் ஆகவில்லை’ என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். மோட்டார் சைக்கிளின் வழுக்கிய டயரைப் பார்த்தும் சொல்கிறோம். வயர் வெளியே தெரியும் மின்விசிறியைப் பார்த்தும் சொல்கிறோம். படகு ஏற்றிய டிரெய்லரைப் பொறுத்தவரை இந்த வாக்கியம் எவ்வளவு தவறானது என்பதே என் வாதம். பழுதான டிரெய்லரில் படகை ஏற்றிப் பொதுச் சாலையில் இழுத்துச் செல்லக் கூடாது. பழுது பார்த்து முடிக்கும்வரை பயணத்தைத் தள்ளிப் போட வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

விரிசல் ஏன் வளர்கிறது?

வீட்டில் ஒரு காகிதக் கிளிப்பை எடுத்து வளைத்துப் பாருங்கள். ஒருமுறை வளைத்தால் உடையாது. ஐந்து முறை வளைத்தாலும் உடையாமல் இருக்கலாம். முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால், ஏதோ ஒரு முறை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பட்டென்று இரண்டாகும். கடைசி முறை நீங்கள் அதிக பலம் கொடுக்கவில்லை. முதல் முறை கொடுத்த அதே பலத்தைத்தான் கொடுத்தீர்கள். ஒவ்வொரு வளைவிலும் உலோகத்துக்குள் சேதம் சேர்ந்துகொண்டே வந்தது. பொறியாளர்கள் இதை உலோகச் சோர்வு என்கிறார்கள்.

சாலையில் ஓடும் டிரெய்லரும் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் சிறிது வளைந்து நிமிர்கிறது. கிள்ளானிலிருந்து கென்யிருக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். அத்தனை தூரத்தில் அந்த இரும்புச் சட்டம் எத்தனை ஆயிரம் முறை அதிர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். விரிசல் இல்லாத சட்டத்தில் அந்த அதிர்வு முழு இரும்பிலும் பரவிப் போகும். விரிசல் இருந்தால், அதன் நுனியில் போய்க் குவியும். ஆகவே, விரிசல் ஒவ்வோர் அதிர்விலும் சிறிது சிறிதாக நீளும். தாங்கும் இரும்பு குறையக் குறைய, எஞ்சிய இரும்பின் மேல் சுமை கூடும். அதனால் விரிசல் மேலும் விரைவாக நீளும்.

இதை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1952ஆம் ஆண்டில் பயணிகளை ஏற்றத் தொடங்கிய ‘கோமெட்’ விமானம்தான் உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம். 1954ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு கோமெட் விமானமும் ஏப்ரலில் இன்னொரு கோமெட் விமானமும் இத்தாலிக்கு அருகே நடுவானில் உடைந்து கடலில் விழுந்தன. அவற்றில் இருந்த எவரும் உயிர் பிழைக்கவில்லை. ஆய்வாளர்கள் இன்னொரு கோமெட் விமானத்தைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, பறக்கும்போது ஏற்படும் அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்துச் சோதித்தார்கள். அதன் உடற்பகுதி ஒரு திறப்பின் மூலையிலிருந்து கிழிந்தது. ஜனவரியில் விழுந்த விமானம் அதற்கு முன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை பறந்து பத்திரமாகத் தரையிறங்கியிருந்தது. அந்த ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் ‘இதுவரை ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையாகவும் இருந்திருக்கும். ஆனால், அடுத்த பயணத்துக்கு அந்த உண்மை உத்தரவாதம் தரவில்லை.

மாமாவின் மூன்று போர்ட்டிக்சன் பயணங்களும் அப்படித்தான். அவை அந்த விரிசல் ஆபத்தற்றது என்று நிரூபிக்கவில்லை. அதை மூன்று முறை வளர்த்துவிட்டன.

உப்பு நீர் செய்யும் வேலை

படகு டிரெய்லருக்கு மற்ற வண்டிகளுக்கு இல்லாத ஒரு கஷ்டம் உண்டு. அது தண்ணீருக்குள் இறங்கியாக வேண்டும். படகை இறக்கவும் ஏற்றவும் அதன் சக்கரங்கள் கடல்நீரில் மூழ்குகின்றன. கடல்நீரின் எடையில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு உப்பு. அந்த உப்பு வெளியே தெரியும் இடத்தை மட்டும் அரிப்பதில்லை. குழாய் போன்ற இரும்புச் சட்டத்துக்குள்ளும் புகுந்து, உள்ளிருந்து தின்கிறது. மேலே சாயம் பளபளவென்று இருக்கும்; உள்ளே இரும்பு தகடாகியிருக்கும்.

சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங் இன்னும் நுட்பமானது. நெடுந்தூரம் ஓடி வந்த சக்கரத்தின் நடுப்பகுதி சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி விரிந்திருக்கும். அப்படியே குளிர்ந்த நீருக்குள் இறக்கினால், அந்தக் காற்று சுருங்கும். அப்போது தேய்ந்துபோன அடைப்பின் வழியே நீர் உள்ளே இழுக்கப்படும். நீர் கலந்த கிரீஸ் தன் வேலையைச் செய்யாது. பேரிங் துருப்பிடித்து, தேய்ந்து, சூடேறி, கடைசியில் சக்கரமே கழன்று ஓடும் நிலை வரலாம். படகுத்துறைக்கு வந்ததும் உடனே இறக்காமல் சிறிது நேரம் சக்கரத்தை ஆறவிடுவதும், கடலுக்குப் போய் வந்த பின் நல்ல தண்ணீரில் கழுவுவதும் இதற்காகத்தான்.

‘அச்சாணி இல்லாத தேர் முச்சாண் ஓடாது’ என்பது நம் பழமொழி. தேர் எவ்வளவு பெரிதாக, அழகாக இருந்தாலும் அதை ஓட வைப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு ஆணிதான். நாம் படகைப் பார்க்கிறோம், இயந்திரத்தைப் பார்க்கிறோம், தூண்டிலைப் பார்க்கிறோம். அச்சாணியை யார் பார்க்கிறோம்?

எடையும் வேகமும்

ஐந்தாறு மீட்டர் நீளமுள்ள படகு, அதன் இயந்திரம், எரிபொருள், மீன்பெட்டி, டிரெய்லர் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னைத் தொட்டுவிடும். அதில் நாம் கணக்கில் எடுக்காத எடையும் உண்டு. மழையில் நனைந்த படகுக்குள் 100 லிட்டர் நீர் தேங்கியிருந்தால், 100 கிலோகிராம் கூடுகிறது. மயிலிறகு ஏற்றிய வண்டியே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொல்லிச் சென்றார். மயிலிறகுக்கே அப்படியென்றால், ஏற்கெனவே வெடித்த சட்டத்தின் மேல் ஏற்றும் படகுக்கு என்ன சொல்வது?

வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் ஓடும் வண்டி 100 கிலோமீட்டரில் ஓடினால், அதன் இயக்க ஆற்றல் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. இதை நீங்கள் அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். நெடுஞ்சாலையில் ஒரு பக்க ஸ்பிரிங் பிடி முறிந்தால், அச்சு கோணலாகும். சக்கரம் மூடியில் உரசும், டயர் வெடிக்கும், டிரெய்லர் ஒரு பக்கமாக இழுக்கும். அப்போது ஓட்டுநர் பதறி பிரேக்கை அழுத்தினாலோ ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பினாலோ, பின்னால் இருக்கும் ஒரு டன் எடை காரையே சுழற்றிவிடக்கூடும்.

“பாதுகாப்புச் சங்கிலிதான் இருக்கிறதே!” என்று சிலர் கேட்கலாம். காரின் கொக்கியிலிருந்து டிரெய்லர் கழன்றால் தாங்கிக்கொள்ளத்தான் அந்தச் சங்கிலி. அதன் ஒரு முனை டிரெய்லரின் முன்தண்டில் பூட்டப்பட்டிருக்கும். முறிவு அதற்குப் பின்னால் நேர்ந்தால், சங்கிலி முன்துண்டை மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும். படகு தன் வழியில் போகும். ஒரு பாதுகாப்புக் கருவி இருக்கிறது என்பதற்காக, அது எல்லா ஆபத்துக்கும் பதில் சொல்லும் என்று நம்பக் கூடாது.

யாருடைய ஆபத்து?

“என் படகு, என் வண்டி. ஆபத்து வந்தால் எனக்குத்தானே!” என்பது இன்னொரு வாதம். இதை நான் சிறிதும் ஏற்கவில்லை. டிரெய்லர் கழன்றால், அது ஓட்டுநரை நோக்கி வருவதில்லை. பின்னால் வருபவரை நோக்கிப் போகிறது. நம் நாட்டுச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். காருக்குள் இருப்பவருக்கு இரும்புக் கூடும் இருக்கை வாரும் உண்டு. வேலை முடிந்து வீடு திரும்பும் மோட்டார் சைக்கிளோட்டிக்குத் தலைக்கவசம் மட்டுமே உண்டு. முன்னால் போகும் டிரெய்லரில் விரிசல் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ‘பரவாயில்லை, போகலாம்’ என்று நாம் முடிவெடுத்தபோது அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. தெரிந்தே இன்னொருவரின் உயிரை, அவர் அறியாமல், பணயம் வைப்பது துணிச்சல் ஆகாது, பொறுப்பின்மை.

சமாதானங்களும் பதில்களும்

மறுப்பவர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் கூறமாட்டேன். முதலாவது, செலவு. படகை வைத்துப் பிழைக்கும் சிறு மீனவருக்குப் பட்டறையில் கொடுக்கும் ஒவ்வொரு ரிங்கிட்டும் பெரிது. ஆனால், பழுதை ஆரம்பத்தில் சரிசெய்தால் ஓர் இரும்புத் துண்டின் விலையோடு போகும். காத்திருந்தால் அச்சும் டயரும் படகும் சேர்ந்து போகும். வெள்ளம் வருமுன் அணை போடுவதே சிக்கனம்.

இரண்டாவது, “கொஞ்ச தூரம்தான், மெதுவாகப் போகலாம்” என்பது. வேகம் குறைந்தால் மோதலின் கடுமை குறையும் என்பது உண்மை. ஆனால், விரிசலுக்கு மைல்கல் தெரியாது. வீட்டுக்குப் பக்கத்துச் சந்தின் வேகத்தடையே கடைசி அதிர்வாக இருக்கலாம். பழுதான டிரெய்லரைப் பட்டறைக்கு இழுத்துச் செல்வதைவிட, பட்டறைக்காரரை வீட்டுக்கு அழைப்பது நல்லது. முடியாவிட்டால், படகை இறக்கி வைத்துவிட்டு, டிரெய்லரை லாரியில் ஏற்றி அனுப்பலாம்.

மூன்றாவது, “ஒரு வெல்டிங் வைத்தால் போதும்” என்பது. துருவேறி மெலிந்த இரும்பின் மேல் பற்றவைப்பது கிழிந்த காகிதத்தில் புதுத்துணி தைப்பதைப் போன்றது. தையல் நிற்கும், காகிதம் கிழியும். அரித்துப்போன பகுதியை வெட்டி எடுத்துப் புதிய இரும்பைப் பொருத்த வேண்டும். அதை வேலை தெரிந்தவர் செய்ய வேண்டும். எல்லாவற்றையும்விட மோசமானது, விரிசலின் மேல் சாயம் பூசி மறைப்பது. கம்பி கட்டிய டிரெய்லரைப் பார்த்தாலாவது ஆபத்து தெரியும். சாயம் பூசிய விரிசல் அடுத்து வாங்குபவரையும் ஏமாற்றும்.

எல்லாப் பழுதும் ஒரே தரமானதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மூடியில் விழுந்த நசுங்கலுக்காக யாரும் பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை. எரியாத பின்விளக்கை மாற்றிவிட்டு உடனே புறப்படலாம். மாற்றாமல் புறப்படக் கூடாது. சட்டம், அச்சு, ஸ்பிரிங், பேரிங், டயர், கொக்கி ஆகியவற்றில் பழுது என்றால் பேச்சுக்கே இடமில்லை. வண்டி நிற்க வேண்டும்.

புறப்படும் முன்

பார்க்க வேண்டியவை அதிகமில்லை. பற்றவைத்த இடங்களில் துருக்கோடு ஓடுகிறதா என்று கைவிளக்கை அடித்துப் பார்க்கலாம். சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்திச் சுழற்றினால், உள்ளே கரகரவென்று ஓசை வருகிறதா என்பது தெரியும். மேலும் கீழும் பிடித்து அசைத்தால், ஆட்டம் இருக்கிறதா என்பது தெரியும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கங்களைப் படிக்கலாம். 2318 என்றிருந்தால், அந்த டயர் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. படகு டிரெய்லர் ஆண்டில் பல மாதம் வெயிலில் சும்மா நிற்பதால், டயரின் பூ தேயாமலே ரப்பர் வெடித்துப் போகும். ஆகவே, பூவை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. கொக்கி பூட்டியிருக்கிறதா, சங்கிலி குறுக்காக மாட்டப்பட்டிருக்கிறதா, விளக்குகள் எரிகின்றனவா, படகு முன்னும் பின்னும் இறுகக் கட்டப்பட்டிருக்கிறதா என்பவற்றையும் பார்த்தால், கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். வழியில் ஓய்விடத்தில் நிற்கும்போது இன்னொரு முறை சுற்றிவந்து பார்ப்பதும் நல்லது.

சொல்லத் தெரிய வேண்டும்

இப்போது என் அக்காள் மகனிடம் திரும்பி வருவோம். மாமா பேச்சை முடித்த பிறகும் அவன் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. தன் கைத்தொலைபேசியில் அந்த விரிசலைப் படம் எடுத்துப் பெரிதாக்கினான். “தாத்தா, நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஒரு தடவை மட்டும் பட்டறை அங்கிள்கிட்ட காட்டிடலாமே. அவர் போகலாம்னு சொன்னா போகலாம்” என்றான். மாமாவுக்குக் கோபம் வந்தது. தம்பி தங்கைகளுக்கோ அவன் மேல் எரிச்சல். இருந்தாலும், அவன் மரியாதை தவறாமல் கேட்டதால், மாமாவால் மறுக்க முடியவில்லை. பக்கத்துத் தெருப் பட்டறைக்காரர் இரவு எட்டு மணிக்கு வந்தார். சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். துரு, அப்பளம் அப்பளமாக உதிர்ந்தது. திருப்புளியை வைத்து அழுத்தினார். அது இரும்புக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது.

யாரும் எதுவும் பேசவில்லை. மாமா அந்தத் திருப்புளியையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நாளைக்குப் படகு வேண்டாம். அங்கேயே ஒண்ணு வாடகைக்கு எடுத்துக்கலாம்” என்றார். அப்படியே செய்தோம். அந்த முறை பெரிய மீன் எதுவும் சிக்கவில்லை. போன அனைவரும் வீடு திரும்பினோம்.

அந்த நாளில் விபத்து எதுவும் நடக்கவில்லை. அதனால் அது செய்தியாகவும் இல்லை. தடுக்கப்பட்ட விபத்துக்குச் சாட்சி கிடையாது; அதைத் தடுத்தவருக்குப் பாராட்டும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அதனால்தான் ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்வது எளிதாகவும், ‘ஒருமுறை பார்த்துவிடலாம்’ என்று சொல்வது கடினமாகவும் இருக்கிறது.

மாணவர்களே, உங்களில் பலரிடம் படகும் இருக்காது, டிரெய்லரும் இருக்காது. ஆனால், பெரியவர்கள் ஓட்டும் ஏதோ ஒரு வண்டியில் நீங்கள் ஏறத்தான் போகிறீர்கள். பெரியவர்களை மதிப்பது நம் பண்பு. அவர்களுக்குத் தெரியாத ஆபத்தை அவர்களிடம் சொல்லாமல் இருப்பது மதிப்பாகாது. கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள், பணிவாகச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் இரண்டாம் முறையும் சொல்லுங்கள். பெரியவர்களும் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஏரி அடுத்த விடுமுறையிலும் அங்கேயே இருக்கும். நாமும் இருக்க வேண்டும். நம் பின்னால் வருபவரும் இருக்க வேண்டும்.